பஸ்ஸர்: அழுத்தாத அணிக்கு விளக்கு எரிந்தால்

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் நான்கு அணிகளுக்கு வினாடி வினா பஸ்ஸர் செய்தேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக வேலை செய்தது, ஆனால் வயரை 10 மீட்டர் நீட்டியதும் யாரும் பட்டனைத் தொடாமலே, பக்கத்தில் மின்விசிறி சுவிட்சைப் போட்டாலே மூன்றாம் அணியின் எல்இடி எரிய ஆரம்பித்தது. சிப்புக்குள்ளே இருக்கும் புல்-அப், அதாவது பட்டனை அழுத்தாதபோது உள்ளீட்டுப் பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர், 20 முதல் 50 கிலோ ஓம், நீள வயர் இழுத்து வரும் இரைச்சலை அடக்க அது போதாது. ஒவ்வொரு பின்னுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அப்புறம் வயருக்குப் பதில் லேன் கேபிளின் முறுக்கிய ஜோடிகள். அதோடு அடங்கிவிட்டது.

இன்னொன்று, பட்டன்களை ஒவ்வொன்றாகப் படித்தால் முதல் அணிக்குச் சின்னச் சாதகம் போய்விடும், எனக்கு அது பொறுக்கவில்லை. போர்ட்டை, அதாவது பல பின்கள் சேர்ந்த தொகுதியை, ஒரே தடவையில் படியுங்கள், இரண்டு அணி சேர்ந்து வந்தால் சமம் என்றே காட்டட்டும்.