ஒரே நாற்கரத்தைக் கொண்டு நிரூபணம் கற்பித்தல்: ஒன்பதாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை

முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்னும் அடிப்படை விகிதசம தேற்றத்தைப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் எழுதச் சொன்னால், பெரும்பாலும் பிழையின்றி எழுதிவிடுவார். அதே முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து, முனைகளுக்கு வேறு எழுத்துகளை இட்டு நிரூபிக்கச் சொன்னால் பேனா நின்றுவிடும். அவர் சோம்பேறி என்பதோ கணக்கு வராதவர் என்பதோ இதற்குக் காரணம் அன்று. தமக்கு எழாத ஓர் ஐயத்திற்கான விடையை அவர் பாடம் செய்திருக்கிறார் என்பதே காரணம். ஆகவே நிரூபணத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதலில் அந்த ஐயத்தை வகுப்பில் உண்டாக்க வேண்டும். அதற்குப் பல தேற்றங்கள் தேவையில்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வாரிக்னோனின் மறைவுக்குப் பின் 1731-இல் அச்சான ஒரு சிறு தேற்றமே ஒன்பதாம் வகுப்பிலிருந்து பட்ட வகுப்பு வரை துணைவரும்: எந்த நாற்கரத்திலும் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும்.

தொடங்குமுன் மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே-கெல்டோஃப் தம்பதியர் 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில், வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்வதை விளக்கினர். வடிவத்தை அதன் தோற்றத்தால் மட்டும் அறிவது, பண்புகளால் அறிவது, பண்புகளுக்கு இடையிலான தொடர்பைக் காண்பது, முறையாக நிரூபிப்பது, அடிக்கோள் (நிரூபிக்காமல் ஏற்கும் அடிப்படைக் கூற்று) முறைகளையே ஆராய்வது என அப்படிகள் அமைகின்றன. ஆசிரியர் நான்காம் படியில் நின்று பேச, மாணவர் முதற்படியில் நின்று கேட்டால், இருவரும் ஒரே சொற்களைச் சொன்னாலும் வேறு வேறு பொருள்களையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். ஒரு சதுரத்தைச் சாய்த்து வரைந்து, "இது சாய்சதுரமா, சதுரமா, இரண்டுமா?" என்று கேளுங்கள், ஒரு விரிகோண முக்கோணத்தில் குறுங்கோண முனையிலிருந்து குத்துயரம் வரையச் சொல்லுங்கள். குத்துயரத்தை எப்பாடுபட்டாவது முக்கோணத்துக்குள்ளேயே திணிப்பவர்கள் இன்னும் வரையறையைப் பயன்படுத்தத் தொடங்கவில்லை. அவர்களுக்கு ஓரிரு பாடவேளைகளை வடிவங்களை வகைப்படுத்துவதில் செலவிடுவது வீணாகாது.

இனி நாற்கரத்துக்கு வருவோம். கோடிடாத தாளில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய நாற்கரத்தை வரையட்டும். அடுத்தவருடையது போல இருக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. நடுப்புள்ளிகளைக் குறித்து இணைக்கச் செய்யுங்கள், ஆனால் என்ன வரப்போகிறது என்பதை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். ஐம்பது பேர் வரைந்த ஐம்பது கோணல்மாணலான நாற்கரங்களுக்குள்ளும் இணைகரம் போன்ற ஒன்று தெரியும்போது வகுப்பில் எழும் வியப்பை விளக்கவுரையால் உண்டாக்க முடியாது. பிறகு அளக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கங்கள் 4.2 செ.மீ., 4.3 செ.மீ. என்று வரும். இது வரைதலில் நேர்ந்த பிழையா, உண்மையிலேயே சமமில்லையா? அளவுகோலால் இதைத் தீர்க்க முடியாது என்பதை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். நிரூபணத்தின் தேவை அங்கேதான் பிறக்கிறது. அவர்களுடைய அனுமானங்களைத் திருத்தாமல் அவர்கள் சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு முனை உள்நோக்கிக் குழிந்த நாற்கரத்தை யாரும் வரைந்திருக்காவிட்டால், "இதற்கும் பொருந்துமா?" என்று நீங்களே ஒன்றை வரைந்து கேட்கலாம்.

"ஏன்?" என்ற கேள்வியைக் கேட்டபின் சிறிது நேரம் பேசாமலிருப்பதுதான் ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை. வகுப்பு முற்றிலும் தடுமாறினால் "ஒரு மூலைவிட்டம் வரைந்து பாருங்கள்" என்ற ஒரு குறிப்பு மட்டும் போதும். கசதப என்னும் நாற்கரத்தில் கத என்ற மூலைவிட்டத்தை வரைந்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கின்றன. முக்கோணத்தின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும் என்பது முன்பே தெரிந்ததாகையால், உள்நாற்கரத்தின் ஓர் எதிர்ப்பக்கச் சோடி கத-வுக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் அமைகிறது. ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் இருந்தால் அது இணைகரம். மாணவர்கள் இதை முதலில் வாயால் சொல்லட்டும். கூற்று, காரணம் என இரு பத்திகளாக எழுதுவது அதன் பிறகு வரவேண்டிய வேலை. எழுதியதும் குழிந்த நாற்கரத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு வரியும் அங்கும் நிற்கிறதா என்று சரிபார்க்கச் செய்யுங்கள். மூலைவிட்டம் உருவத்துக்கு வெளியே போனாலும் வாதம் குலைவதில்லை.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்; என் கருத்தில் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. உள்ளே செவ்வகம் கிடைக்க வேண்டுமானால் வெளி நாற்கரம் எப்படி இருக்க வேண்டும்? "சாய்சதுரமாக" என்ற விடை உடனே வரும். சாய்சதுரம் போதும் என்பது உண்மை. அது கட்டாயமா என்பது வேறு கேள்வி. மூலைவிட்டங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தாலே போதும் என்று பறக்கவிடும் பட்டத்தின் வடிவிலான நாற்கரத்தை வரைந்து பார்க்கும் மாணவர் கண்டுபிடிப்பார். தேற்றத்துக்கும் அதன் மறுதலைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பயிற்சியை நான் அறியேன். உள்ளே சாய்சதுரம் கிடைக்க மூலைவிட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். சதுரம் கிடைக்க இரண்டு நிபந்தனைகளும் வேண்டும். குழியாத நாற்கரத்தில் இணைகரத்தின் பரப்பு மொத்தத்தில் சரிபாதி என்பதைக் கத்தரிக்கோலாலும் காட்டலாம்: மூலைகளில் வெட்டி எடுத்த நான்கு முக்கோணங்களையும் புரட்டாமல் நகர்த்தியும் சுழற்றியும் அடுக்கினால், அவை இணைகரத்தை முழுதும் மூடும்.

ஜியோஜீப்ரா மென்பொருளைக் கையால் வரைந்த பின்னரே கொண்டுவருவது நல்லது. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001-இல் தொடங்கிய இந்த மென்பொருளில், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் உருவம் முழுவதும் நிபந்தனை மாறாமல் நகரும். கண்ணளவில் சதுரமாக வரைந்தது இழுத்தவுடன் குலைந்துவிடும். செங்குத்துக்கோடும் வட்டமும் கொண்டு அமைத்தது குலையாது. இந்த வேறுபாட்டை உணர்ந்த மாணவருக்குக் கவராயத்தின் பயனும் விளங்கிவிடும். ஆனால் ஆயிரம் முறை இழுத்துப் பார்ப்பதும் நிரூபணம் ஆகாது என்பதை இங்கே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானதே. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் உருவம் வரையும் செய்முறை வடிவியல் கேள்விக்கு 8 மதிப்பெண் உண்டு என்பதால், ஆசிரியர்கள் அந்தப் பயிற்சிக்கே முன்னுரிமை தருகிறார்கள். எல்லாத் தேற்றங்களையும் இவ்வாறு நடத்தத் தேவையில்லை; ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு போதும், மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். வகுப்புத் தேர்வுகளில் மட்டும் கேள்வியின் உருவத்தை மாற்றுங்கள்: காரணம் விடுபட்ட நிரூபணத்தை நிறைவு செய்யச் சொல்லலாம், பிழையான நிரூபணத்தில் பிழையைக் காட்டச் சொல்லலாம், கொடுக்கப்பட்ட ஒரு நிபந்தனை எந்த வரியில் பயன்பட்டது என்று கேட்கலாம்.

கல்லூரியில் இதே தேற்றத்தை நிலை வெக்டர்களால் (ஆதிப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் வரையும் வெக்டர்களால்) எழுதினால் இரண்டு வரிகளில் முடிந்துவிடும், ஏனெனில் உள்நாற்கரத்தின் எதிர்ப்பக்கங்கள் இரண்டும் ஒரே மூலைவிட்ட வெக்டரின் பாதி. அப்போது, நான்கு முனைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டு வியப்பார்கள். பள்ளியில் எழுதிய நிரூபணத்தைத் திரும்பப் படித்தால் அதுவும் தளத்தை எங்கும் கேட்கவில்லை என்பது தெரியவரும்.

பட்ட வகுப்பிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்பிலும் ஒரு பொய் நிரூபணத்தையும் கட்டாயம் நடத்துங்கள்: எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்பது. ஒரு கோணத்தின் இருசமவெட்டியும் எதிர்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்குள் சந்திப்பதாக வரைந்து, அந்தப் புள்ளியிலிருந்து மற்ற இரு பக்கங்களுக்கும் செங்குத்துகள் இறக்கி, சர்வசம முக்கோணங்களைக் காட்டி, பகுதிகளைக் கூட்டினால் இரு பக்கங்களும் சமமாகிவிடும். ஒவ்வொரு வரியும் சரி போலத் தோன்றும். உண்மையில் அந்தச் சந்திப்பு, மூன்று முனைகளின் வழியாகவும் செல்லும் சுற்றுவட்டத்தின் மேல், முக்கோணத்துக்கு வெளியே நிகழ்கிறது. ஒரு செங்குத்தின் அடி பக்கத்தின் மேலும் மற்றதன் அடி பக்கத்தின் நீட்சியிலும் விழுவதால், ஓரிடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் வர வேண்டும். ஒரு புள்ளி இரு புள்ளிகளுக்கு "இடையில்" இருப்பதை யூக்ளிட் படத்தைப் பார்த்தே ஏற்றுக்கொண்டார். அதற்கு ஜெர்மானியக் கணிதவியலாளர்களான பாஷ் 1882-இலும் ஹில்பர்ட் 1899-இலும் ஏன் தனி அடிக்கோள்கள் வகுத்தனர் என்பதை இதற்குப் பின் நீங்கள் விளக்க வேண்டியதில்லை, மாணவர்களே கேட்பார்கள்.

கடைசியாக ஒரு பந்தை எடுத்துவந்து, அதன் மேல் பெருவட்ட (பந்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின்) வில்களால் நாற்கரம் வரைந்து, நடுப்புள்ளிகளை இணைக்கச் செய்யுங்கள். அங்கே எந்த இரு பெருவட்டங்களும் வெட்டிக்கொள்வதால் இணைகோடுகளே இல்லை; மூன்று செங்கோணங்கள் கொண்ட முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 270 பாகை வருகிறது. நடுப்புள்ளித் தேற்றத்தின் நிரூபணத்தை மீண்டும் எடுத்து, எந்த வரியில் இணைகோட்டு அடிக்கோள் நுழைந்தது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள்.