துறை அலுவலகக் கணினியில் மாணவர் விவரங்கள்: கசியாமல் காப்பது எப்படி

சேர்க்கை முடிந்த ஒரு மாதத்துக்குள் ஒரு துறை அலுவலகக் கணினியில் சேர்ந்துவிடுபவை: ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பெற்றோரின் கைப்பேசி எண், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். இவை வெளியே போவதற்கு யாரோ கெட்டிக்காரர் உள்ளே புகவேண்டும் என்பதில்லை. நகலுக்கு மேல் நகலாகப் பெருகி, எது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் போனாலே போதும். அதனால் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு நகல்களைத் தேடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் கோப்புகள் சேரும் இடம், ஸ்கேனர் சேமிக்கும் ஃபோல்டர், மின்னஞ்சலின் அனுப்பியவை பகுதி ஆகிய ஐந்தையும் பார்த்தால் பெரும்பகுதி அகப்பட்டுவிடும். உதவித்தொகைத் தளத்தில் ஏற்றிச் சரிபார்ப்பும் முடிந்துவிட்டால் அந்த ஸ்கேன் கோப்புக்குத் துறையில் வேலை இல்லை. விதிப்படி வைத்திருக்க வேண்டியவற்றை ஒரே ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு மற்றவற்றை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

ஆதாரும் பிறந்த தேதியும்

அடையாளம் காட்ட மட்டும் ஆதார் கேட்கிறீர்கள் என்றால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் பதிவிறக்கும்போதே அந்தத் தெரிவு இருக்கிறது. 12 இலக்கங்களில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும்.

மின் ஆதார் பிடிஎஃப்-க்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு, அவ்வளவுதான். பெயரும் பிறந்த தேதியும் உள்ள வகுப்புப் பட்டியல் கையில் இருக்கும் எவரும் அத்தனை கோப்புகளையும் திறந்துவிடலாம். பல பல்கலைக்கழகங்களின் தேர்வு முடிவுத் தளங்கள் கேட்பதும் பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான். ஆகவே இந்த இரண்டும் அடுத்தடுத்த நெடுவரிசையில் உள்ள பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அவரவருக்குத் தனித்தனியாக அனுப்ப, பட்டியலிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் வசதி இருக்கிறது. ஒரு முறை அமைத்துவிட்டால் 60 பேருக்கும் சில நிமிட வேலை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. முதலாண்டில் சேரும் பலருக்கு வயது 17. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அச்சட்டப்படி தண்டத் தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கூகுள் ஷீட்: அதிகம் கசியும் இடம்

"எல்லோரும் இந்த ஷீட்டில் உங்கள் வரிசையை நிரப்புங்கள்" என்று ஒரு லிங்க் குழுவில் வருவது எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதுதான். அந்த லிங்க்கைத் திறக்கும் ஒவ்வொருவரும் மற்ற அனைவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் பார்க்கிறார். லிங்க் வேறு குழுவுக்குப் போனால் அவர்களும் பார்க்கலாம். யாரோ தெரியாமல் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால், ஒருவரின் கணக்கு எண் இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் நிற்கும். உதவித்தொகை தவறான கணக்குக்குப் போவதற்கு இதுவே போதும்.

ஷீட்டுக்குப் பதிலாகக் கூகுள் ஃபார்ம் பயன்படுத்துங்கள். அதிலும் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. செட்டிங்ஸில் "வியூ ரிசல்ட்ஸ் சம்மரி" அணைந்திருக்க வேண்டும். இது இயங்கினால் நிரப்பியவர்கள் மற்றவர்களின் பதில்களைப் பார்க்க முடியும்.
2. பதில்கள் சேரும் ஷீட்டுக்குத் தனிப் பகிர்வு அமைப்பு உண்டு. ஃபார்மை மூடினாலும் அது மூடாது. ஷேர் பொத்தானை அழுத்தி, "எனிஒன் வித் த லிங்க்" என்றிருந்தால் "ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றி, பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள்.
3. மாணவர்கள் ஏற்றும் கோப்புகள் ஃபார்மை உருவாக்கியவரின் டிரைவில்தான் சேரும். தற்காலிக ஆசிரியர் தன் சொந்த ஜிமெயிலில் ஃபார்ம் உருவாக்கினால், அவர் வேலையை விட்டுப் போகும்போது பாஸ்புக் நகல்களும் அவரோடு போய்விடும். நிறுவனக் கணக்கில் மட்டுமே உருவாக்குங்கள்.

மறைத்தால் போதாது

எக்செல்லில் ஒரு நெடுவரிசையை "ஹைட்" செய்து அனுப்பினால், பெறுபவர் இரண்டே சொடுக்கில் அதை வெளியே கொண்டுவந்துவிடுவார். மறைத்த தாளும் அப்படியே. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை வெளியிட்ட ஒரு எக்செல் கோப்பில் இப்படி ஒரு மறைந்த தாள் இருந்ததால் ஏறத்தாழ 10,000 பணியாளர்களின் விவரம் இணையத்தில் வந்தது. பிவட் டேபிள் இன்னும் நயவஞ்சகமானது: சுருக்க அட்டவணையை மட்டும் தனிக் கோப்பாக அனுப்பினாலும், மூலத் தரவு முழுவதும் அதற்குள் ஒட்டிக்கொண்டு போகக்கூடும். மொத்தத் தொகை உள்ள கட்டத்தை இருமுறை சொடுக்கினால் எல்லா வரிசைகளும் விரியும்.

தேவையான நெடுவரிசைகளை மட்டும் நகலெடுத்து, புதிய கோப்பில் "வேல்யூஸ்" ஆக ஒட்டி, அதை அனுப்புவதே சரியான வழி. பிடிஎஃப்-இல் கறுப்புப் பெட்டி வரைந்து எண்ணை மறைப்பதும் பயனற்றது; பெட்டிக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் தெரிந்துவிடும். மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றி, அதிலிருந்து பிடிஎஃப் செய்யுங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பியே ஆகவேண்டிய கோப்பை 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். 7-இசட் வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கடவுச்சொல்லும் ஓடிபியும்

நிறுவன மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். எஸ்எம்எஸ்ஸைவிட, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது. சிம் நகலெடுக்கும் மோசடி அதைத் தொடாது. கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு வீட்டில் வையுங்கள். போன் தொலைந்த அன்று அவைதான் கதவைத் திறக்கும்.

துறைகளில் அடிக்கடி நடக்கும் சிக்கல் வேறு. உதவித்தொகைத் தளத்தின் உள்நுழைவு ஒரு துறைத்தலைவரின் சொந்த எண்ணோடு இணைந்திருக்கும். அவர் ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரை அழைக்க வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளிலேயே பதிவான எண், மீட்பு மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் மாற்றி, மாற்றியதை ஒப்படைப்புப் படிவத்தில் எழுதுங்கள். ஆய்வு மாணவர்களுக்கும் இதுவே: படிப்பு முடிந்ததும் நிறுவன மின்னஞ்சல் மூடப்படலாம். ஆய்வாளர் அடையாள எண் தரும் ஆர்கிட் கணக்கிலும் ஆய்விதழ்க் கணக்குகளிலும் சொந்த முகவரி ஒன்றை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

ஆய்வகக் கணினி, பென்டிரைவ், ஜெராக்ஸ் கடை

இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திப் பூட்டுவது பழக்கமாக வேண்டும். பொதுக் கணினியில் இன்காக்னிட்டோ சாளரம் வரலாற்றைச் சேமிக்காது. ஆனால் விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் மென்பொருளை அது தடுக்காது. நிதி, தேர்வு சம்பந்தப்பட்ட எதையும் அங்கே திறக்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப் வெப் திறந்தால், கடையை விட்டுக் கிளம்பும் முன்பே போனில் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். டவுன்லோட்ஸில் கிடக்கும் கோப்பை ஷிப்ட் விசையோடு அழியுங்கள்.

அங்கிருந்து திரும்பும் பென்டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் சொடுக்காதீர்கள். அது ஒரு புழுவின் (தானே பரவும் தீநிரலின்) வேலை. அது உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது; சொடுக்கினால் உங்கள் கணினிக்கும் வரும். வியூ பகுதியில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். தெரியும் உண்மையான கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பிறகு விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்; சுமார் 15 நிமிடம் ஆகும்.

கிராக் செய்த மென்பொருள் "முதலில் ஆன்டிவைரஸை அணையுங்கள்" என்று கேட்கும். ஸ்டாப் என்ற பிணைப்பணத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது) இப்படித்தான் பரவியது. மேட்லேபுக்கு ஆக்டேவ், எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு ஜமோவி, ஆர் என்று இலவச மாற்று இருக்கும்போது ஐந்தாண்டு ஆய்வுத் தரவைப் பணயம் வைப்பதில் நியாயமே இல்லை.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆய்வகக் கருவியோடு வந்த பழைய கணினியை மாற்ற முடியாவிட்டால் அதன் வலைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அதற்கென்றே ஒரு பென்டிரைவ் ஒதுக்குங்கள்.

ஏமாற்று மின்னஞ்சல்

"உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது", "சம்பளப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது", துணைவேந்தர் பெயரில் "அவசரமாகக் கிஃப்ட் கார்டு வேண்டும்" என்பவை வழக்கமான தூண்டில்கள். காட்டப்படும் பெயரை நம்பாமல் முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ஏசி டாட் இன் என்று முடியும் முகவரிகளை எர்நெட் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பதிவு செய்து தருகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் நடுவில் இருந்து, முடிவு டாட் காம் என்றோ டாட் எக்ஸ்ஒய்இசட் என்றோ இருந்தால் அது வேறு யாருடையதோ. முடிவு சரியாக இருந்தாலும், பறிபோன கணக்கிலிருந்து வந்திருக்கலாம். பணமோ கடவுச்சொல்லோ கேட்டால் போனில் அழைத்துக் கேளுங்கள்.

காப்பு நகல்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் ஒருவர் திறந்த ஏமாற்று மின்னஞ்சல் வழியாகத் தாக்கியவர்கள் உள்ளே வந்தார்கள். டிசம்பர் 23 அன்று 267 சர்வர்களைப் பூட்டினார்கள். சில காப்பு நகல்கள் அதே வலையில் இணைந்திருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. பல்கலைக்கழகம் 30 பிட்காயின் கொடுத்துத்தான் மீண்டது.

எனவே மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். வெளி ஹார்டு டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். எப்போதும் சொருகியே இருந்தால் அது காப்பு ஆகாது. கூகுள் டிரைவும் தனியாகப் போதாது: கணினியில் கெட்டுப்போன கோப்பு அங்கேயும் போய்ச் சேரும், பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் மட்டுமே இருக்கும். டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டி, அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வேறிடத்தில் வையுங்கள். பருவத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கோப்பைக் காப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

நடந்துவிட்டால்

கோப்புகளின் பெயர் திடீரென மாறத் தொடங்கினால் முதலில் வலைக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் உள்ள தடயங்கள் போய்விடும். திரையைப் போனில் படமெடுங்கள். கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். கணினி மையத்துக்கு உடனே சொல்லுங்கள், ஏனென்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி இத்தகைய நிகழ்வுகளை நிறுவனம் 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு உண்டு. யாருடைய விவரம் கசிந்ததோ அந்த மாணவர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள்: எந்தக் கோப்பு, அதில் என்னென்ன இருந்தன, வங்கியிலும் ஆதார் பயோமெட்ரிக் பூட்டிலும் அவர்கள் செய்ய வேண்டியது என்ன என்று.