துக்கிய்யீமும் தோகையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பைபிளிலேயே தமிழ்ச் சொல் இருக்கிறது, சாலொமோனுக்கு நம் ஊரிலிருந்துதான் மயில் போனது" என்ற செய்தி மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் சுற்றுகிறது. அதற்கு அடிப்படை 'துக்கிய்யீம்' என்ற அரிய எபிரேயச் சொல். தர்ஷீஸ் என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்பட்ட கப்பல்கள் சாலொமோன் அரசனுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு ஆகியவற்றோடு கொண்டுவந்த சரக்கு அது. தமிழ் வேதாகமம் 'மயில்கள்' என்கிறது. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கண நூலில் இதைத் 'தோகை'யோடு இணைத்தார். மதிக்கத்தக்க கருத்துதான். எடுத்துச் சொல்லும் விதத்தில்தான் அதைப் பலவீனமாக்கிவிடுகிறோம்.

முதலில், எண்ணிக்கை. இச்சொல் 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் வருகிறது. இரண்டாவது முதலாவதைத் தழுவி எழுதியது; ஆகவே இரண்டு சாட்சிகள் என்று கணக்கிடக் கூடாது. சிலர் யோபு 39:13-ஐயும் சேர்க்கிறார்கள். 1611 ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே மயில் என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. மூலத்தில் இருப்பது 'ரெனானீம்' என்ற வேறு சொல். தமிழ் வேதாகமம் சரியாகவே 'தீக்குருவிகள்', அதாவது நெருப்புக்கோழிகள், என்கிறது.

அடுத்தது ஒலி. 'ஈம்' எபிரேயப் பன்மை விகுதி. அதை நீக்கி, 'துக்கி' என்ற ஒருமையைத்தான் தோகையோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டதும், "தமிழில் ஓகாரம், எபிரேயத்தில் உகரம், தமிழில் ஒற்றைக் ககரம், அங்கே இரட்டை" என்று மறுப்பவர்கள் வருவார்கள். ஆனால் உயிர்க்குறிகளும் இரட்டிப்பைக் காட்டும் புள்ளியும், எபிரேய வேதாகமத்தைப் படியெடுத்துக் காத்து கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த மசோரா அறிஞர்கள் இட்டவை. பழைய ஏட்டில் இருந்தவை வெறும் எபிரேய எழுத்துகள்: தாவ், காஃப், இரண்டு யோத், மேம். நாளாகமத்தில் தாவுக்குப் பின் ஒரு வாவ் கூடுதலாக நிற்கிறது. வாவை உகரமாகவும் படிக்கலாம், ஓகாரமாகவும் படிக்கலாம். எனவே உயிரொலியை வைத்து இந்த உறவை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வட்டமாகச் சுற்றும் வாதம். "மயில் இந்தியப் பறவை, ஆகவே சொல் தமிழ்" என்று ஒரு மூச்சில் சொல்லி, "சொல் தமிழ், ஆகவே பொருள் மயில்" என்று அடுத்த மூச்சில் முடிக்கிறார்கள். பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய வேதாகம மொழிபெயர்ப்புகளான லத்தீன் வுல்காத்தாவும் அரமேயத் தர்கூமும் மயில் என்கின்றன. இது நல்ல ஆதரவு. ஆனால் செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வத்திக்கான் சுவடியில் இராஜாக்கள் பகுதியைப் பார்த்தால், குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. செதுக்கிய கற்கள் இருக்கின்றன. எகிப்திய மொழியில் 'கி' என்பது குரங்கு. அதன் முன் பெண்பால் சுட்டு 'த' சேர்ந்த வடிவமே துக்கி என்று அமெரிக்க வேதாகம ஆய்வாளர் ஆல்பிரைட் வாதிட்டார். அதை ஒட்டி, சில நவீன மொழிபெயர்ப்புகள் பபூன் குரங்கு என்று எழுதுகின்றன. இந்தக் கருத்தைச் சொல்லாமல் தோகையை மட்டும் சொல்வது பாதி உண்மை. தமிழ்த் தரப்பும் ஒரு கேள்விக்குப் பதில் தர வேண்டும்: மயில், மஞ்ஞை என்ற நேரான பெயர்கள் இருக்க, முதலில் வாலையும் பிறகு ஆகுபெயராகப் பறவையையும் குறிக்கும் தோகை ஏன் கப்பலேறியது?

இன்றைய எபிரேய அகராதியைப் புரட்டினால் 'துக்கி' கிளி, மயிலுக்கு 'தவாஸ்'. இது பிற்காலப் பொருள், பண்டைய பொருளுக்குச் சான்றாகாது.

துறைமுகத்திலும் எச்சரிக்கை வேண்டும். "சாலொமோனுக்குப் பொன் வந்த ஓபீர்தான் நம் தென்கடற்கரை ஊரான உவரி, அங்கிருந்துதான் மயில்" என்பார்கள். இந்த வசனத்தில் ஓபீர் என்ற பெயரே இல்லை. 'தர்ஷீசின் கப்பல்' என்பது நெடுங்கடல் செல்லும் பெரிய கப்பல் வகையையும் குறிக்கும்; ஆகவே அந்தப் பெயரை வைத்தும் துறைமுகத்தை முடிவு செய்ய முடியாது. 1 இராஜாக்கள் 22:48-ல் அத்தகைய கப்பல்கள் ஓபீருக்குப் போகவே கட்டப்படுகின்றன.

எழுதும்போது "தோகையிலிருந்து வந்திருக்கலாம் என்று கால்டுவெல் முதலியோர் கருதினர், எகிப்திய மூலம் சொல்வோரும் உண்டு" என்று எழுதினால் எவரும் குறை காண முடியாது.

தமிழ்த் தொடர்பைத் தேடுவோர் 'அஹாலீம், அஹாலோத்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவது மேல். அகில் என்ற வாசனை மரத்தின் பெயரோடு ஒப்பிடப்படும் இது வேதாகமத்தில் நான்கு இடங்களில், பெரும்பாலும் வெள்ளைப்போளம் போன்ற வாசனைப் பொருள்களோடு வருவதால் பொருளில் இவ்வளவு இழுபறி இல்லை. தமிழ் வேதாகமத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. சங்கீதம் 45:8-ல் அங்கே அச்சாகியிருப்பது 'சந்தனம்'.