டைம் சீரிஸ் டேட்டாபேஸ்: டேக்கில் ஐடி போட்டால் என்ன ஆகும்?

பேக்கப் எடுங்கள், போர்ட்டைத் திறந்து போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. டைம் சீரிஸ் டேட்டாபேஸ் என்பது நேரத்தோடு வரும் அளவீடுகளைச் சேமிப்பது. கீழே வரும் எண்கள் அப்படி ஒன்றான இன்ஃப்ளக்ஸ்டிபி 1.8-க்கு உரியவை.

டேக்கில் ஐடி

ஒவ்வொரு பாயிண்ட்டிலும், அதாவது ஒரு நேரத்துப் பதிவிலும், டேக் என்பது எந்த சென்சார் போன்ற அடையாளம், ஃபீல்ட் என்பது அளந்த மதிப்பு. டேக்குக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) உண்டு, ஃபீல்டுக்குக் கிடையாது. புதிதாக வருபவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழும்போல. தேட வேண்டியதையெல்லாம் டேக் ஆக்கிவிடுகிறார், மெசேஜ் ஐடி உட்பட.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் 200 சென்சார், 10 விநாடிக்கு ஒரு ரீடிங் என்று வையுங்கள். டேக் மதிப்புகளின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு சீரிஸ். சென்சார் பெயர் மட்டும் டேக் என்றால் சீரிஸ் 200. பத்து வருடம் ஓடினாலும் அதே 200. ரீடிங்குக்கு ரீடிங் மாறும் ஐடியையும் டேக்கில் சேர்த்தால் நிமிடத்துக்கு 1,200 புது சீரிஸ், நாளுக்கு 17,28,000.

டீஃபால்ட்டாக இண்டெக்ஸ் ரேமில் இருக்கும். ஒரு டேக்குக்கு 1,00,000 மதிப்புகள்தான் வரம்பு. 84-ஆவது நிமிடத்தில் அது நிரம்பி, புது பாயிண்ட்களை ஏற்க மறுக்கும். எரிச்சல் தருவது அடுத்து நடப்பது: யாரோ சொன்னார்கள் என்று அந்த வரம்பை 0 ஆக்கிவிடுகிறார்கள். 0 என்றால் வரம்பே கிடையாது. எரர் மறையும், ரேம் ஏறும், சீரிஸ் மொத்தத்துக்கான 10,00,000 வரம்பு குறுக்கே வந்தால் அதையும் 0 ஆக்குவார்கள். கடைசியில், ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர், டேட்டாபேஸ் ப்ராசஸை முடித்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் இண்டெக்ஸை ரேமில் ஏற்றும்போதே மறுபடி விழும். கூடுதல் ரேம் வாங்கினால் விழும் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டிஸ்க்கிலும் நஷ்டம். ஃபேஸ்புக்கின் டைம் சீரிஸ் டேட்டாபேஸான கொரில்லா பற்றிய கட்டுரை 2015-இல் 16 பைட் பாயிண்ட்டைச் சராசரியாக 1.37 பைட்டாகச் சுருக்கிக் காட்டியது. முந்தைய மதிப்போடு உள்ள வித்தியாசத்தை மட்டும் வைப்பதுதான் சூட்சுமம். சீரிஸுக்கு ஒரே பாயிண்ட் என்றால் எதோடு வித்தியாசம் பார்ப்பது?

'ஷோ சீரிஸ் கார்டினாலிட்டி' (சீரிஸ் எண்ணிக்கையைச் சொல்லும் குவெரி) என்று இன்றும் நாளையும் கேட்டுப் பாருங்கள். புது சென்சார் எதுவும் மாட்டாமலே எண் ஏறினால் நோய் இதுதான்.

இருந்த இடத்திலேயே டேக்கை ஃபீல்டாக்க வழியில்லை. 'செலக்ட் இன்டூ' போட்டு வேறு மெஷர்மென்ட்டுக்கு (டேபிள் போன்றது) நகலெடுங்கள். 'குரூப் பை'யில் சென்சார் பெயரை மட்டும் கொடுங்கள். அங்கே சொல்லாத டேக்குகள் ஃபீல்டாகவே எழுதப்படும். ஒரே மூச்சில் வேண்டாம், ஒவ்வொரு நாளாக ஓட்டுங்கள். ஒரே சென்சாருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாயிண்ட் இருந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டைம்ஸ்டாம்ப்

விநாடியில் அனுப்பிவிட்டு ப்ரிசிஷனை (நேரம் எந்த அலகில் என்பதை) சொல்லாமல் விட்டால் நானோவிநாடி என்றே எடுத்துக்கொள்ளும். டேட்டா வரவில்லை என்று தேடுபவர்கள் 1970 ஜனவரி 1-இல் தேடலாம்.

முழு எண்

பின்னால் ஆங்கில 'i' எழுத்து இல்லாத 25, ஃப்ளோட் (தசம எண்). முழு எண்ணையும் ஃப்ளோட்டையும் ஒரே ஃபீல்டில் கலந்தால் பிந்தி வரும் வகை நிராகரிக்கப்படும்.

ஒரு நாள் என்பது

நாள்வாரியாக குரூப் செய்தால் யுடிசி (உலகப் பொது நேரம்) நாள்தான் வரும். இந்தியாவில் அது காலை 5.30-க்குத் தொடங்கும். குவெரியின் கடைசியில் 'ஏசியா/கொல்கத்தா' டைம்ஸோனைச் சேருங்கள்.

ஒவ்வொன்றாக எழுதுவது

வேண்டாம். 5,000 பாயிண்ட் சேர்த்து அனுப்புங்கள்.

ரிடென்ஷன்

டீஃபால்ட்டாக எதையும் அழிக்காது. டேட்டாவை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற வரம்பை, டிஸ்க் நிரம்பிய அன்று அல்ல, முதல் நாளே வையுங்கள்.