ஆன்லைன் போர் விளையாட்டில் வரலாற்று டாங்கிப் படை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாமும் ஒரு டாங்கிப் படை ஆரம்பிப்போமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். ஒருவர் சின்னம் வரைய உட்கார்ந்துவிடுவார், இன்னொருவர் குரல் அரட்டைச் செயலியான டிஸ்கார்டில் சர்வர் திறப்பார், மூன்றாமவர் பதவிப் பட்டியல் போடுவார். எத்தனை பேர் எந்த நாளில் வருவார்கள், யார் எந்த டாங்கியை எடுப்பார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில குழுக்களில் அது வருவதே இல்லை.

வரலாற்றுப் படை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்கள் பெரும்பாலும் வரலாற்றைத் தவறான இடத்தில் தேடுகின்றன. வண்ணப்பூச்சும் கொடியும் பேட்ஜும் எளிதில் கிடைத்துவிடும். எத்தனை டாங்கிகள் சேர்ந்து நகர்ந்தன, யார் யாரிடம் பேச முடிந்தது, யார் சொன்னதை யார் கேட்டார்கள் என்பதில்தான் ஒரு படையின் குணம் இருந்தது. விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதும் அதைத்தான். கீழே வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

பத்துப் பேருக்கு ஒரு டிவிஷன்

மிகவும் பரவலான தவறு இது. இரண்டாம் உலகப் போரில், 1944-இல், ஒரு அமெரிக்கக் கவச டிவிஷனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பேர் கொண்ட குழு அந்தப் பெயரை வைத்துக்கொண்டால், முதல் வாரத்திலேயே நாற்பது காலி சேனல்களுக்கு நடுவே எல்லோரும் தொலைந்துபோவார்கள். புதிதாக வருபவருக்கு அது ஆளில்லாத மாளிகை மாதிரித் தெரியும். அவர் திரும்பி வரமாட்டார்.

சில டாங்கிகள் மட்டும் சேர்ந்த சிறு பிரிவான பிளட்டூனிலிருந்து தொடங்குங்கள். நாட்டுக்கு நாடு அதன் அளவு வேறு என்பது இங்கே நமக்குச் சாதகம். 1943 முடிவில் சோவியத் டி-34 பிளட்டூனில் 3 டாங்கிகள். மூன்று பிளட்டூன்களும் கம்பெனித் தளபதியின் வண்டியும் சேர்ந்து 10, அப்படி இரண்டு கம்பெனிகளும் பட்டாலியன் தளபதியும் சேர்ந்து 21. ஜெர்மன் டைகர் பிளட்டூனில் 4, கம்பெனியில் 14. அமெரிக்க ஷெர்மன் பிளட்டூனில் 5, கம்பெனியில் 17. 1944-இல் நார்மண்டியில் போரிட்ட பிரிட்டிஷ் ஷெர்மன் ட்ரூப்பில் (பிளட்டூனுக்கு அவர்கள் வைத்த பெயர்) வழக்கமாக 4 டாங்கிகள். மூன்றில் 75 மில்லிமீட்டர் பீரங்கி, ஒன்று மட்டும் அதைவிட வலுவான 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஃபயர்ஃப்ளை.

இந்த எண்களை உங்கள் விளையாட்டோடு பொருத்திப் பாருங்கள். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் ஒரு பிளட்டூனில் மூன்று பேர்தான் சேர முடியும். அங்கே சோவியத் பிளட்டூன் அச்சாகப் பொருந்தும், அமெரிக்கப் பிளட்டூனை முழுதாக இறக்கவே முடியாது. வார் தண்டரில் ஒரு ஸ்க்வாடுக்கு நான்கு பேர், ஆகவே டைகர் பிளட்டூனோ பிரிட்டிஷ் ட்ரூப்போ வசதி. ஹெல் லெட் லூஸில் ஒரே டாங்கிக்குத் தளபதி, ஓட்டுநர், கன்னர் என்று மூன்று பேர் வேண்டும். அங்கே ஓர் அமெரிக்கப் பிளட்டூன் என்றால் பதினைந்து பேர். பதினைந்து பேரை ஒரே இரவில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று குழு நடத்தியவர்களுக்குத் தெரியும். முதலில் படையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் விளையாட்டோடு மல்லுக்கட்டாமல், விளையாட்டு எத்தனை பேரைச் சேர்க்கிறது என்று பார்த்துவிட்டுப் படையைத் தேர்ந்தெடுங்கள்.

ஏட்டுக் கணக்கை நம்புவது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது டாங்கிப் படைக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு கனரக டைகர் பட்டாலியனுக்கு ஏட்டில் 45 டாங்கிகள். களத்தில் எந்த நாளிலும் அதில் ஒரு பகுதி பட்டறையில் கிடந்தது. 1943 ஜூலை 5-ஆம் தேதி ரஷ்யாவின் குர்ஸ்கில் ஜெர்மனி தொடங்கிய தாக்குதலில் முதன்முறையாக இறங்கிய ஏறத்தாழ 200 பாந்தர் டாங்கிகளின் கதை இன்னும் மோசம். இயந்திரக் கோளாறு, கண்ணிவெடி, எதிரி பீரங்கி என்று எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதியை ஓரங்கட்டிவிட்டன.

குழு நடத்துபவர்கள் ஏட்டுக் கணக்கை நிஜமென்று எடுத்துக்கொண்டு, இருபது பேர் பட்டியலில் இருந்தால் இருபது பேருக்கும் திட்டம் போடுகிறார்கள். பதினொன்று பேர் வருகிறார்கள். திட்டம் சரிகிறது, வராதவர்களைத் திட்டுவதிலேயே அரைமணி நேரம் போகிறது. உண்மையான படைகள் எப்போதுமே ஆள் குறைவாகத்தான் போரிட்டன. வந்திருக்கும் ஆட்களை வைத்து அன்றைக்கு இரண்டு டாங்கிப் பிளட்டூனாக இறங்குவது வரலாற்றுக்கு எந்த விதத்திலும் துரோகமில்லை. வராதவருடைய டாங்கி பட்டறையில் இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். வருகைப் பதிவேடு வைத்து, மூன்று முறை வராவிட்டால் நீக்கம் என்று சட்டம் போடும் குழுக்களில் கடைசியில் மிஞ்சுவது சட்டம் போட்டவர் மட்டும்தான்.

எல்லோருக்கும் டைகர், எல்லோரும் லெப்டினன்ட்

ஜெர்மன் படை என்றால் டைகர், பிரிட்டிஷ் படை என்றால் ஃபயர்ஃப்ளை. இப்படி இருப்பதில் வலுவானதை மட்டும் பொறுக்கி எடுப்பது பிடிவாதமான ஆசை. குர்ஸ்கில் இருந்த ஜெர்மன் டாங்கிகளில் டைகர் ஒரு சிறு பங்குதான். பெரும்பாரம் சுமந்தவை பான்சர் 3-உம் பான்சர் 4-உம். அமெரிக்க டாங்கிப் பட்டாலியனில் மூன்று ஷெர்மன் கம்பெனிகளோடு, டி கம்பெனி என்று ஸ்டூவர்ட் இலகுரக டாங்கிகளுக்கென்றே ஒன்று இருந்தது. வேவு பார்க்கவும் பக்கவாட்டைக் காக்கவும் அது வேண்டியிருந்தது. நான்கு பேர் நான்கு ஃபயர்ஃப்ளையில் வந்தால் அது ட்ரூப் ஆகாது. மூவர் எதிரியின் கவனத்தை இழுக்க, நான்காமவர் சரியான இடத்தில் காத்திருப்பதுதான் அந்த அமைப்பின் விளையாட்டே. அந்த 75 மில்லிமீட்டர் ஷெர்மனில் உட்கார யாருக்கும் ஆசை இருக்காது என்பது தெரிந்ததுதான். முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பதவிகளிலும் இதே கதை. சேர்ந்த மறுநாளே கேப்டன், மறுமாதம் கர்னல். ஆளாளுக்கு நாட்டாமை ஆனபின் கேட்பதற்கு யார் இருப்பார்கள்? அமெரிக்கப் பிளட்டூனின் ஐந்து டாங்கிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு லெப்டினன்ட், மற்ற வண்டிகளில் சார்ஜென்ட்கள். டைகர்களிலும் பல வண்டிகளுக்குத் தளபதி அதிகாரி அல்லாதவர்தான். இதில் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு: சோவியத் ராணுவமான செம்படையில் ஒரு சாதாரண டி-34-இன் தளபதியே பெரும்பாலும் ஜூனியர் லெப்டினன்ட். ஆகவே உங்கள் ஆட்களுக்குப் பதவி ஆசை அடங்கவே இல்லையென்றால், சோவியத் படை எடுத்துவிடுங்கள்.

ஒரே சேனலில் எல்லோரும்

ஒரு குழு நிற்பதும் விழுவதும் பேச்சு ஒழுங்கில்தான். வரலாறும் இங்கேதான் மிகவும் சுவாரசியமாகிறது.

டாங்கிக்குள் நடக்கும் பேச்சு வேறு, டாங்கிகளுக்கு இடையே நடக்கும் பேச்சு வேறு. "கொஞ்சம் பின்னால் எடு" என்பது ஓட்டுநருக்கு மட்டும் போக வேண்டியது. எல்லோரும் ஒரே வாய்ஸ் சேனலில் இருந்தால் அதைக் கேட்டு மூன்று டாங்கிகள் பின்வாங்கும். ஹெல் லெட் லூஸ் இதற்கு வழி செய்திருக்கிறது: ஸ்க்வாட் சேனல் உள்ளே பேசுவதற்கு, தலைமைச் சேனல் தளபதிகள் மட்டும் தங்களுக்குள் பேசுவதற்கு. தனித்தனி வண்டியாக ஓட்டும் விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அங்கே வேறு தொல்லை: ஆட்டத்தில் அடிபட்டு வெளியேறியவர்தான் அதிகம் பேசுவார். அடிபட்டவர் மைக்கை மூடிவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எதிரியைக் கண்டவர் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். "அங்கே அங்கே, ரெண்டு மணி, அடி, அடி!" என்பதில் ஒரு தகவலும் இல்லை. கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்லும், காலாட்படை ஆட்டங்களிலிருந்து வந்த 'இரண்டு மணி திசை' டாங்கியில் ஒத்துவராது. டாங்கியின் உடல் ஒரு பக்கம் பார்க்கும், பீரங்கி இருக்கும் மேல்கூண்டு இன்னொரு பக்கம் பார்க்கும், பக்கத்து டாங்கி மூன்றாவது பக்கம் பார்க்கும். யாருடைய இரண்டு மணி? மாறாக, "வடகிழக்கு, தேவாலயம், இடது மூலை, பான்சர் 4, ஒன்று, பின்வாங்குகிறது" என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே படம் கிடைக்கும். முதலில் திசை, அடுத்து அடையாளம், அதன்பின் என்ன, எத்தனை, என்ன செய்கிறது. இதே வரிசையை ஒரு வாரம் விடாமல் பழகினாலே பிளட்டூன் வேறு குழு மாதிரி ஆடும்.

வரலாற்றைக் குரலிலேயே கொண்டுவரலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. போரின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான டி-34-களில் ரேடியோவே கிடையாது. கம்பெனி, பிளட்டூன் தளபதிகளின் வண்டிகளில்தான் இருக்கும். மற்றவர்கள் கொடிச் சைகையையும் முன்னே போகும் தளபதியையும் பார்த்துப் பின்தொடர வேண்டும். போதாததற்கு, மேல்கூண்டில் இருவர் மட்டுமே. தளபதியே பீரங்கியையும் சுட வேண்டும். சுடும்போது யார் சுற்றிப் பார்ப்பது? 1944 தொடக்கத்தில் வந்த டி-34-85-இல்தான் மூவர் கூண்டு கிடைத்து, தளபதி தளபதியாக இருக்க முடிந்தது. ஜெர்மன் தரப்பிலும் ஆரம்பத்தில் எல்லா டாங்கிகளுக்கும் இருவழி ரேடியோ இல்லை. பலவற்றில் கேட்கும் கருவி மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு விதியாக்கிப் பாருங்கள். 1941 சோவியத் பிளட்டூனாக ஆடும் இரவில் தளபதியின் மைக் மட்டும் திறந்திருக்கட்டும். மற்ற இருவரும் கேட்கலாம், பேசக்கூடாது. முதல் ஆட்டம் குழப்பமாகத்தான் போகும். இரண்டாவது மூன்றாவதில் அந்த இருவரும் தளபதியின் டாங்கியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஓட்டுவார்கள். அந்தக் காலத்து டாங்கிகள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நகர்ந்தன என்பது அப்போது தானாகப் புரியும். எந்தப் பேட்ஜும் இதைக் கற்றுத்தராது.

ஆண்டுகளைக் கலப்பது

குர்ஸ்க் இரவு என்று அறிவித்துவிட்டு டி-34-85-ஐ இறக்குவார்கள், எதிரே கிங் டைகர் நிற்கும். இரண்டுமே களம் கண்டது 1944-இல்தான். அதே குர்ஸ்கில் உண்மையில் இருந்த இலகுரக டி-70-ஐயும், பிரிட்டனிலிருந்து சோவியத்துக்குப் போன சர்ச்சிலையும் யாரும் நினைப்பதில்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் மாதமும் ஆண்டும் குறித்து, அனுமதிக்கும் வண்டிகளை முன்கூட்டியே எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

பொது ஆட்டங்களில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். வார் தண்டர் போன்றவை வண்டிகளை ஆண்டு பார்த்து அல்ல, பலம் பார்த்துத்தான் எதிரெதிரே நிறுத்துகின்றன. அங்கே போய் 'வரலாறு கெட்டுவிட்டது' என்று புலம்புவதில் பயனில்லை. பொது ஆட்டம் பயிற்சிக்கு, நாமே விதி வைக்கும் கஸ்டம் பேட்டில் வரலாற்றுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கொலைக் கணக்கும் காலாட்படையும்

வாரம்தோறும் யார் எத்தனை டாங்கி அழித்தார் என்று பட்டியல் போடுவது உற்சாகமூட்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. ஓட்டுநராக யாரும் உட்கார மாட்டார்கள், வேவுக்கு யாரும் போகமாட்டார்கள், எல்லோரும் கன்னர் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். எண்ணியே ஆகவேண்டும் என்றால் பிளட்டூனுக்கு எண்ணுங்கள், ஆளுக்கு வேண்டாம். எத்தனை டாங்கிகள் பிழைத்தன என்று எண்ணினால் இன்னும் நல்லது.

காலாட்படையும் இருக்கும் விளையாட்டு என்றால் அவர்களோடு முன்கூட்டியே பேசாமல் இறங்குவது பெரிய தவறு. சோவியத் டாங்கி பிரிகேடில் சப்மெஷின் கன் ஏந்திய ஒரு பட்டாலியன் சும்மா சேர்க்கப்படவில்லை. டாங்கியின் முதுகிலேயே ஏறி வந்தவர்கள் அவர்கள். புதருக்குள் ராக்கெட்டோடு பதுங்கியிருக்கும் ஒருவனைக் கூண்டுக்குள்ளிருந்து பார்க்க முடியாது.

எந்தப் பெயரைச் சூடுகிறோம்

ஜெர்மன் படையாக ஆட விரும்புபவர்கள் ராணுவத்தின் சாதாரண டாங்கிப் பிரிவுகளை விட்டுவிட்டு நேராக நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்எஸ் பிரிவுகளின் பெயரையும் மண்டையோட்டுச் சின்னத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அமைப்பு என்ன செய்தது என்பது தெரிந்த கதை. ஜெர்மனியில் நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் பயன்படுத்துவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் சின்னம் எப்படிப்பட்ட ஆட்களை உங்கள் சர்வருக்கு இழுத்து வரும் என்று யோசித்தாலே போதும். 501, 503 என்று எண்ணிட்ட ராணுவ டைகர் பட்டாலியன்கள் இருக்கின்றன. அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டாம், அமைப்பை எடுத்துக்கொண்டு ஆடினால் போதும்.

இன்றும் இயங்கும் ரெஜிமென்ட்களின் பெயரை எடுக்கும்போது வேறு வகைக் கவனம் வேண்டும். இந்திய ராணுவத்தின் பூனா ஹார்ஸ் போன்ற படையை ஆடலாம், அதில் தவறில்லை. ஆனால் 1971 டிசம்பர் 16-இல் பசந்தர் போரில் 21 வயதில் சென்சூரியன் டாங்கியோடு வீழ்ந்த அருண் கேத்தர்பாலுக்குக் கிடைத்த பரம் வீர் சக்கரத்தை, சனிக்கிழமை ஆட்டத்தில் ஐந்து டாங்கி அடித்தவருக்குப் படமாக ஒட்டுவது ரசனைக் குறைவு. உங்களுக்கென்று சொந்தமாகப் பதக்கம் வரைந்துகொள்ளுங்கள். முதல் நாள் சின்னம் வரைய உட்கார்ந்தவருக்கு இதுவே நல்ல வேலை.

எல்லாம் ஓரளவு ஓடத் தொடங்கியதும் அடுத்த பிளட்டூன் எப்போது என்ற கேள்வி வரும். ஆள் எண்ணிக்கையைப் பார்த்து அதைத் திறக்காதீர்கள். தளபதி வராத ஒரு நாளில் வேறொருவர் பிளட்டூனை எடுத்துச் சென்று, பேச்சு ஒழுங்கு கெடாமல் திரும்பி வருகிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தபின் இரண்டாவது பிளட்டூனைத் திறந்து அவரிடமே கொடுத்துவிடலாம்.