காட்டு ஆர்க்கிட் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காட்டில் ஆர்க்கிட் பூத்திருப்பதைப் பார்த்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய முதல் வருடம், மரக்கிளையில் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த சின்னச் செடி ஒன்றைப் பெயர்த்து எடுத்து வந்தேன். நிழலில் வைத்தேன், தண்ணீர் தெளித்தேன், நாளுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். புதிதாக ஓர் இலைகூட விட்டது. பிழைத்துக்கொண்டது என்று நம்பியிருந்தேன். எட்டாவது மாதம் சுருங்கிச் செத்துப்போனது.

அது பெயர்த்த அன்றே முடிந்துபோன கதை என்பது பின்னால்தான் புரிந்தது. மரத்தில் வாழும் ஆர்க்கிடின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். மழையையும் பனியையும் உறிஞ்சுவது அதுதான். அந்த வேர் மரப்பட்டையோடு ஒட்டி வளர்வதால், பிடுங்கும்போது பெரும்பகுதி நைந்து அறுந்துவிடும். பழைய வேர் புது இடத்தில் மறுபடி ஒட்டாது. அப்புறம் வருகிற புது இலை, தண்டின் அடியில் பருத்திருக்கும் குமிழில் சேமித்து வைத்த நீரையும் உணவையும் செலவழித்து வருவது. சேமிப்பு தீர்ந்ததும் செடி போய்விடும். புது இலையைப் பார்த்து ஏமாறுவது நான் மட்டும் செய்த தவறல்ல. பெயர்த்து வந்தவர்களில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

தரையில் முளைக்கும் ஆர்க்கிட்கள் இன்னும் சிக்கலானவை. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சைகளோடு அவற்றின் வேர் கூட்டு வைத்திருக்கும். ஐரோப்பியக் காடுகளில் வளரும் நியோட்டியா நிடஸ்-ஏவிஸ் என்ற பழுப்பு நிற ஆர்க்கிடுக்குப் பச்சையமே கிடையாது. அது முழு உணவையும் பூஞ்சையிடமிருந்து பெறுகிறது. பூஞ்சை அதைப் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து பெறுகிறது. அதைத் தோண்டி எடுத்துத் தொட்டியில் வைப்பவர் மரத்தையும் பூஞ்சையையும் விட்டுவிட்டு நுனியை மட்டும் கொண்டுவருகிறார். மண்ணோடு சேர்த்து அள்ளி வந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது.

“செடியைத் தொடவில்லை, விதைக்காயை மட்டும் பறித்தேன்” என்பது அடுத்த தவறு. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும் என்பதால் ஒன்று போனால் என்ன என்று தோன்றும். ஆர்க்கிட் விதை தூசு போன்றது, அதற்குள் சேமித்த உணவு கிடையாது. சரியான பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். இதை 1899-இல் கண்டறிந்தவர் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் காட்டினார். ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய குடுவையும் ஆய்வகச் சுத்தமும் வேண்டும். வீட்டுத் தொட்டியில் தூவுகிற விதை அப்படியே வீண்.

“ஒன்றே ஒன்றுதானே” என்ற எண்ணம்தான் எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்தது என்பேன். 2002-இல் பெருவிலிருந்து ஒரு பெரிய ஊதா நிறப் பூ வெளியே வந்தது. ஃப்ராக்மிபீடியம் கோவாச்சி என்று அதற்குப் பெயரிட்டார்கள். சரியான அனுமதிச் சீட்டு இல்லாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்ததால், கொண்டுவந்தவர் மீதும் அதை ஏற்றுப் பெயரிட்ட தாவரவியல் தோட்டத்தின் மீதும் வழக்கு நடந்தது. அதற்குள் அது வளர்ந்த இடம் தெரிந்துபோய், ஆளாளுக்குப் போய்ச் செடிகளை அள்ளிவிட்டார்கள். வியட்நாமில் கதை இன்னும் மோசம். 1999-இல் அறிவியல் பெயர் பெற்ற பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் இன்று காட்டில் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். அள்ளியவர்கள் ஒவ்வொருவரும் தன் பங்குக்குக் கொஞ்சம்தான் எடுத்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் லேடிஸ் ஸ்லிப்பர் என்ற சிப்ரிபீடியம் கால்சியோலஸையும் இப்படித்தான் பறித்துப் பறித்து, 1917-இல் அழிந்தே போனதாக அறிவித்தார்கள். 1930-இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. அந்த இடத்தைப் பல பத்தாண்டுகள் ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள். பிறகு ஆய்வகத்தில் நாற்று வளர்த்துக் காட்டில் நட்டுவருகிறார்கள். அந்த ஒற்றைச் செடியை 1930-இல் பார்த்தவர்கள் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறும்.

அதனால்தான் இடத்தைச் சொல்வதையும் பெரிய தவறு என்கிறேன். இங்கே பலர் தெரியாமலே தவறுகிறார்கள். கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு பதிவாகியிருக்கும். படத்தைக் கோப்பாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். இடக்குறிப்பை நீக்கினாலும், பின்னணியில் ஒரு பாலமோ பாறை முகடோ தெரிந்தால் விவரமானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பூவை நெருக்கமாக எடுத்த படத்தை மட்டும் பகிருங்கள். உயிரினங்களைப் பார்த்த இடத்தோடு படமாகப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அதுவே மங்கலாக்கிக் காட்டும். ஆனாலும் நான் அதை மட்டும் நம்பாமல், அரிய இனம் என்று தோன்றினால் என் பதிவை நானே மறைத்துவிடுவேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இன்று ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது. பாஃபியோபெடிலம், ஃப்ராக்மிபீடியம் இரண்டும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வருகின்றன. எல்லை தாண்டும் செடிக்குச் சீட்டு வேண்டும். இது தவிர ஒவ்வொரு நாட்டின் வனச் சட்டம் தனி, தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் தனி. “கீழே விழுந்த கிளையில் இருந்ததுதானே” என்பது பல இடங்களில் செல்லாது. விழுந்த கிளையைப் பார்த்தால், அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் அதே வகை மரத்தில், அதே அளவு வெளிச்சம் விழும் இடத்தில் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். வேர் பிடிப்பதற்குள் நூல் மக்கிவிடுமோ என்று பயந்து நைலானைத் தேட வேண்டாம். அது பின்னால் தண்டை இறுக்கும்.

எதையும் எடுக்காமல் படம் மட்டும் எடுப்பவர்களும் சேதம் செய்கிறோம், காலால். விதை முளைக்கத் தேவையான பூஞ்சை தாய்ச்செடியின் வேரைச் சுற்றி இருப்பதால், குட்டிச் செடிகள் பெரும்பாலும் அதன் அருகிலேயே முளைக்கும். கண்ணுக்கே தெரியாத அந்தக் குஞ்சுகளின் மேல்தான் நாம் முழங்கால் ஊன்றிப் படம் எடுக்கிறோம். படம் தெளிவாக வர வேண்டும் என்று சுற்றியுள்ள புல்லைப் பிடுங்குவதும் வேண்டாம். அந்தப் புல்தான் அதற்கு நிழலும் ஈரமும். வழிப்போக்கர் கண்ணிலிருந்து மறைப்பதும் அதுதான். மேய்கிற விலங்குக்கும் பறிக்கிற கைக்கும் நாமே வழி திறந்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

பூவை மட்டும் படம் எடுத்துவிட்டு “இது என்ன இனம்?” என்று கேட்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. பூவை நேராகவும் பக்கவாட்டிலும் எடுங்கள். உதடு என்று சொல்லும் அந்தப் பெரிய இதழையும் அதன் பின்னால் நீளும் குழலையும் தனியாக எடுங்கள். அப்புறம் இலை, குமிழ், முழுச் செடி, அது நிற்கும் மரம் அல்லது மண். ஒரு அளவுகோலையோ விரலையோ பக்கத்தில் வையுங்கள். பூ முடிந்து காய் விட்ட பிறகு மறுபடி போங்கள். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் சில இனங்களைத் தவிர, காய் பிடித்திருந்தால் அங்கே மகரந்தம் சுமக்கும் பூச்சி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்தச் செய்தி பூவைவிடப் பெரிது. அடுத்த வருடம் அதே இடத்தில் காணவில்லை என்றால் உடனே செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். தரை ஆர்க்கிட்களில் சில, ஒரு வருடமோ அதற்கு மேலுமோ மண்ணுக்குள்ளேயே உறங்கிவிட்டு மறுபடி வரும்.

செடி வளர்க்கும் ஆசை தவறே இல்லை. வாங்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். காட்டிலிருந்து பிடுங்கிய செடியில் வேர்கள் அறுந்து குட்டையாக இருக்கும், மரப்பட்டைத் துண்டு ஒட்டியிருக்கும், இலையில் பாசியும் பூச்சி கடித்த பழைய தழும்பும் இருக்கும், ஒரே பெயரில் விற்பவை ஆளுக்கொரு அளவில் இருக்கும். நர்சரியில் பெருக்கிய செடிகள் ஏறக்குறைய ஒரே அளவில், தொட்டியில் வேர் பிடித்து, லேபிளோடு வரும். “இது விதையிலிருந்து வந்ததா, பிரித்து வைத்ததா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

வாங்கிய செடியைப் பழைய செடிகளோடு உடனே சேர்க்காமல் சில வாரம் தள்ளி வையுங்கள். சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் வெட்டும் கத்தி வழியாகப் பரவும், அவற்றுக்கு மருந்து கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியைத் தீயில் காட்டிவிடுங்கள். லேபிளை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். பூக்காத காலத்தில் பெயர் தெரியாத செடியைச் சொந்தக்காரராலேயே அடையாளம் காண முடியாது. குடுவை நாற்றாக வாங்கினால் பூ பார்க்கச் சில வருடம் ஆகும். என்னிடம் அப்படி வந்த ஒரு நாற்று ஐந்தாம் வருடம் பூத்தது. நான் முதன்முதலில் பிடுங்கி வந்து சாகவிட்ட அதே இனம்.