யாகூட்டியா போகிறீர்களா? வாசற்படியில் கவனம்

யாகூட்டியா போகிறேன் என்றாலே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மைனஸ் ஐம்பதை எப்படித் தாங்குவீங்க?" கேள்வியிலேயே பாதித் தவறு இருக்கிறது. மைனஸ் ஐம்பதுக்குப் பயந்து, கோட்டும் குல்லாவும் வாங்கித் தயாராகித்தான் எல்லாரும் போகிறார்கள். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். சூடும் குளிரும் சந்திக்கிற வாசற்படியில், ஆறு உறைந்ததா ஓடுகிறதா என்று தெரியாத மாதங்களில்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் வடகிழக்கில் இருக்கிறது. அரசு ஆவணங்களில் சகா குடியரசு. பரப்பு சுமார் 30.8 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைவிடச் சற்றே சிறியது. ஜனங்களோ ஏறக்குறைய 10 லட்சம்தான். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைநகர் யாகூட்ஸ்கிலேயே இருக்கிறார்கள். மண்ணுக்குள் வைரம், தங்கம், நிலக்கரி, எரிவாயு. வெர்ஹோயான்ஸ்க் என்ற ஊரில் 1892-இல் மைனஸ் 67.8 டிகிரி பதிவானது. அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வெயில்.

இனி வாசற்படிக்கு வருவோம். வெளியே மைனஸ் 45 இருக்கும்போது வீட்டுக்குள், கடைக்குள் 25 டிகிரிக்கு வெப்பமூட்டி வைத்திருப்பார்கள். ஒரே கதவு, இரண்டு பக்கமும் எழுபது டிகிரி வித்தியாசம். புதிதாகப் போகிறவர் அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டு, அப்புறம் கைபேசியைத் தேடிக்கொண்டு நிற்பார். அந்த ஐந்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். நனைந்த பருத்தி பனியனோடு வெளியே போனால், மேலே எத்தனை ஆயிரம் ரூபாய் கோட்டு இருந்தாலும் பிரயோஜனமில்லை. உள்ளே கம்பளி அல்லது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாத துணி, மேலே அடுக்கடுக்காக, கடைசி அடுக்கு கதவருகே. அதுதான் முறை.

காலணியில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். நாலு ஜோடி காலுறை போட்டு, அதை இறுக்கமான பூட்ஸுக்குள் திணிப்பது. ரத்த ஓட்டம் நின்றால் விரல் முதலில் மரத்துப்போகும், அப்புறம் வலிகூடத் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் போடும் 'உந்தி' என்ற பூட்ஸ் கலைமான் கால் தோலில் தைத்தது. தளர்வாக இருக்கும், விரலை ஆட்ட முடியும். ஊரிலிருந்து மலையேற்றப் பூட்ஸ் சுமந்துகொண்டு போவதைவிட அங்கேயே வாங்குவது புத்திசாலித்தனம். விலை அதிகம்தான், கால் விரலுக்கு அது தகும்.

உலோக பிரேம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்று மாட்டுங்கள், உலோகம் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளிருக்கு வோட்கா என்ற யோசனையை விடுங்கள். அது ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது. சூடாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

கேமராக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே ஒரு மணி நேரம் படம் பிடித்துவிட்டு, படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அப்படியே தேநீர்க் கடைக்குள் நுழைவார்கள். கேமராவின் உடம்பெல்லாம் ஒரு நொடியில் வெள்ளையாகப் பூத்துவிடும், பிறகு உருகி லென்ஸுக்குள் இறங்கும். மறுபடி வெளியே எடுத்துப் போனால் உள்ளே இறங்கிய தண்ணீர் உறைந்து ஷட்டர் பிடித்துக்கொள்ளும். கதவைத் திறக்கும் முன்பே, வெளியிலேயே, கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். உள்ளே போய் இரண்டு மூன்று மணி நேரம் பையைத் தொடாதீர்கள். படம் ஓடிவிடாது. பேட்டரி மட்டும் சட்டையின் உள் பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.

இதையெல்லாம் தப்பாகச் செய்தால் ஒரு விரலோ ஒரு கேமராவோ போகும். சாலையில் செய்யும் தவறு அப்படியில்லை.

யாகூட்ஸ்கிலிருந்து கடலோர நகரமான மகதான் வரை சுமார் 2,000 கிலோமீட்டர் நீளும் கொலிமா நெடுஞ்சாலையை ஸ்டாலின் காலத்தில் கைதிகளை வைத்துப் போட்டார்கள். வேலை செய்யும்போதே இறந்தவர்கள் எண்ணிக்கையால் 'எலும்புச் சாலை' என்று பெயர். இதில் ஒரு பழைய கிளை உண்டு. கடுங்குளிருக்குப் பேர்போன ஒய்மியாகோன் ஊருக்குப் பக்கத்து தோம்தோர் கிராமம் வழியாகப் போகும், தூரம் குறைவு. பராமரிப்பு கைவிடப்பட்டது. 2020 குளிர்காலத்தில் இரண்டு இளைஞர்கள் மகதானுக்குக் காரில் கிளம்பினார்கள். கைபேசி வரைபடம் அந்தக் குறுக்கு வழியைக் காட்டியது. போனார்கள். ரேடியேட்டர் உடைந்து வண்டி நின்றது. வெளியே மைனஸ் ஐம்பது. அந்த வழியில் வேறு வண்டியே வராது. தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தபோது 18 வயதுப் பையன் ஒருவன் உறைந்து இறந்திருந்தான். இன்னொருவன் கை கால் உறைந்த நிலையில் உயிரோடு இருந்தான்.

அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் அல்ல. வரைபடத்தில் இருக்கும் கோடு சாலைதான் என்று நம்பியதுதான் தவறு. கிளம்பும் முன் லாரிக்காரர்களிடம் கேளுங்கள், இன்ன வழியாக, இன்ன நேரத்துக்குள் வருவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கூடவே இரண்டாவது வண்டி இருந்தால் நல்லது. அங்கே குளிர்காலத்தில் வெளியே நிறுத்தினாலும் இன்ஜினை அணைப்பதில்லை. 'ஐந்து நிமிஷம்தானே' என்று அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்று உத்தரவாதம் கிடையாது. சாலையோரம் நிற்கும் வண்டியைப் பார்த்தும் நிற்காமல் போவதை அந்த ஊரில் யாரும் மன்னிப்பதில்லை. நீங்களும் நில்லுங்கள்.

அடுத்தது ஆறு. யாகூட்ஸ்க் இருப்பது லேனா நதியின் இடக்கரையில். ரயில் வந்து நிற்கும் நீஷ்னி பெஸ்தியாக் வலக்கரையில். பாலம் இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே சாலை. இரண்டும் நிம்மதி. சிக்கல் நடுவில்: ஆறு உறையத் தொடங்கும் இலையுதிர் வாரங்களும், மே மாதம் பனிப்பாளம் உடைந்து ஓடும் நாட்களும். அப்போது படகும் இல்லை, பனிச்சாலையும் இல்லை. காற்று மெத்தைமேல் தண்ணீரிலும் பனியிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட்தான், அதுவும் எப்போதும் ஓடாது. அந்த வாரங்களில் ரயிலையும் விமானத்தையும் ஒரே நாளில் கோத்து டிக்கெட் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. பனிச்சாலையில் போகும்போது ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். பனி உடைந்தால் வெளியே குதிக்க வேண்டுமே.

கோடையில் போனால் தொல்லையில்லை என்று நினைப்பவர்களுக்குக் கொசு பதில் சொல்லும். தலையோடு மூடும் வலை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நிரந்தரமாக உறைந்த மண், மழைத் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை, மண்சாலை சேறாகிவிடும். எவ்வளவு ஆழத்துக்கு உறைந்திருக்கிறது? ஷெர்கின் என்ற வியாபாரி 1828-இல் யாகூட்ஸ்கில் கிணறு தோண்ட ஆரம்பித்தார். 1837 வரை 116 மீட்டர் தோண்டியும் உறைந்த மண்ணே வந்தது, தண்ணீர் வரவில்லை. நகரத்துக் கட்டடங்கள் தூண்மேல் நிற்பதும், வெந்நீர்க் குழாய்கள் தரைக்குமேல் ஓடுவதும் இதனால்தான்.

பணம்: வெளிநாட்டு வங்கி தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022-இலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரொக்கம் வேண்டும். வடகடலோர டிக்ஸி போன்ற இடங்கள் எல்லைப் பகுதி. தனி அனுமதி இல்லாமல் போக முடியாது.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கஷ்டம். யாகூட்ஸ்க் சந்தையில் மீன்கள் பெட்டிக்குள் விறகுக் கட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும். குளிர்பெட்டி எதற்கு, ஊரே குளிர்பெட்டி. அந்த மீனைச் சீவி உப்பு மிளகோடு பச்சையாகத் தருவார்கள், 'ஸ்த்ரொகானினா'. கிராமங்களில் குதிரை இறைச்சி சாதாரணம். பருப்பும் அவலும் கையில் இருந்தால் சண்டை இல்லை.

ஞாபகப் பொருள் வாங்கும்போதும் நிதானம் வேண்டும். மிர்னி ஊரில் 525 மீட்டர் ஆழமுள்ள வைரக் குழியை எட்டிப் பார்த்தவருக்குக் கொஞ்சம் ஆசை வருவது இயல்பு. பட்டை தீட்டாத கல்லை யாராவது ரகசியமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், ரஷ்யச் சட்டப்படி அது குற்றம். எப்போதோ அழிந்துபோன மாமூத் என்ற யானை இனத்தின் தந்தமும் அப்படித்தான். உரிய அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகாது, நம் ஊர் விமான நிலையத்தில் இது யானைத் தந்தமில்லை என்று வாதாடவும் முடியாது.

வழியில் மலைக்கணவாய்களில், கிளையெல்லாம் துணி நாடாவும் குதிரை மயிரும் கட்டிய மரங்களைப் பார்ப்பீர்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ஒரு துண்டு அப்பமோ ஒரு நாணயமோ வைத்துவிட்டு வருவார். வழித் தெய்வத்துக்கு. படத்துக்காக அந்த நாடாவை அவிழ்க்கவோ இழுத்துச் சரிசெய்யவோ வேண்டாம். இறங்கி நின்று, கையில் இருப்பதை வைத்துவிட்டு வந்து ஏறிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.